புது மில்லிங் மெஷினில் டி-ஸ்லாட், டி-நட் பொருத்தம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புது மில்லிங் மெஷின் வந்து இறங்கியதும் எல்லோருடைய கண்ணும் கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டில் மேல்தான் போகிறது. டயல் வைத்து ஓட்டம் பார்க்கிறார்கள், ஸ்லைடை ஆட்டிப் பார்க்கிறார்கள். டேபிளில் ஓடும் டி-ஸ்லாட்டுகளை, அதாவது தலைகீழ் T வடிவப் பள்ளங்களை, அளக்க யாரும் வெர்னியரை எடுப்பதில்லை. கூடவே வந்த கிளாம்ப் பெட்டியைத் திறக்கிறார்கள், பள்ளத்துக்குள் இருந்து வேலையைப் பிடித்துவைக்கும் டி-நட் உள்ளே போகிறதா என்று பார்க்கிறார்கள், போனால் சரி என்று வேலையை மாட்டிவிடுகிறார்கள்.

புதிதாகக் கற்க வருகிறவர்கள், நாங்கள் ஒரு காலத்தில் செய்த அதே தவறுகளைக் கிட்டத்தட்ட அதே வரிசையில் செய்கிறார்கள். வெட்டி விழுந்த உலோகச் சில்லைத் துடைக்காமல் மாட்டுவது, கிரீஸைக் கழுவாமல் விடுவது போன்றவை தானாகத் திருந்திவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பெயரளவை நம்பி வாங்குவது

ஸ்லாட்டின் அளவு என்று சொல்வது அதன் மேல் வாயின் அகலத்தை மட்டும்தான். ஐஎஸ்ஓ 299 என்ற சர்வதேசத் தரத்திலும் டின் 650 என்ற ஜெர்மன் தரத்திலும் 8, 10, 12, 14, 18, 22 என்று இந்த வரிசை போகும். டி-நட்டுக்கான தரம் டின் 508. அதன்படி 12 மி.மீ. ஸ்லாட்டுக்கு எம்10 (அதாவது 10 மி.மீ. விட்டம்), 14-க்கு எம்12, 18-க்கு எம்16 மரை.

வாய் ஒத்துப்போனால் மட்டும் போதாது. உள்ளே இருக்கும் அடிப்பள்ளத்துக்கு அகலம், உயரம் என்று இரண்டு அளவு உண்டு. 14 மி.மீ. ஸ்லாட்டுக்குத் தர அட்டவணையில் அடிப்பள்ளம் குறைந்தது 23 மி.மீ. அகலம், 9 மி.மீ. உயரம். அதற்கான நட்டின் தோள், அதாவது அடிப்பள்ளத்தில் உட்காரும் அகலமான பகுதி, 22 அகலம், 8 உயரம். ஒரு மில்லிமீட்டர்தான் இடைவெளி. சிறிய மெஷின்கள் பல இந்த அட்டவணையை அப்படியே பின்பற்றுவதில்லை. வாய் சரியாக இருக்கும், உள்பள்ளம் குட்டையாக இருக்கும். அப்போது நட் பாதி தூரம் போய் நின்றுவிடும்.

ஆகவே நான்கு அளவையும் எடுங்கள்: வாயின் அகலம், மொத்த ஆழம், அடிப்பள்ளத்தின் அகலம், அடிப்பள்ளத்தின் உயரம். கடைசி இரண்டையும் டேபிளின் ஓரத்தில், ஸ்லாட் வெளியே திறக்கும் இடத்தில் வெர்னியரை வைத்து எடுக்கலாம். மொத்த ஆழத்தில் அடிப்பள்ளத்தின் உயரத்தைக் கழித்தால் வருவது உதட்டின் தடிமன். நட்டைப் பிடித்துக்கொள்ளும் அந்த இரண்டு விளிம்புகளைத்தான் உதடு என்கிறேன். இந்த எண்ணை மெஷின் பக்கத்திலேயே எழுதி ஒட்டிவையுங்கள், பின்னால் தேவைப்படும்.

அங்குல மெஷின் என்றால் இன்னும் கவனம் வேண்டும். 5/8 அங்குல வாய் 15.88 மி.மீ. வரும். 18-க்கான நட் இறங்காது. 14-க்கான நட் தாராளமாக இறங்கும், அதனால்தான் ஏமாற்றும். நட் ஒரு பக்கம் ஒதுங்கி நின்றால் மறுபக்கத்து உதட்டை அதன் தோள் ஏறத்தாழ 2 மி.மீ. மட்டும்தான் பிடித்திருக்கும். சரியான ஸ்லாட்டில் நடுவில் நின்றால் இரண்டு பக்கமும் 4 மி.மீ. பிடித்திருக்க வேண்டியது அது.

ஒரு ஸ்லாட்டை மட்டும் பார்ப்பது

எல்லா ஸ்லாட்டிலும், இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, ஒரே நட்டை விரலால் தள்ளிப் பாருங்கள்.

ஸ்டட்டின் முனை ஸ்லாட்டின் தரையைத் தொடுவது

இதைத்தான் சொல்ல வந்தேன். இன்றைக்கும் இதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் போவது டேபிள்.

ஸ்டட் என்ற தலையில்லாத மரைத் தண்டை டி-நட்டில் முறுக்குகிறீர்கள். நட்டின் மரை அடிவரை திறந்திருந்தால் ஸ்டட் அதைத் தாண்டிக் கீழே இறங்கி, ஸ்லாட்டின் தரையில் முட்டும். இன்னும் முறுக்கினால் ஸ்டட் கீழே போக இடமில்லை, எனவே நட் மேலே ஏறும். ஏறி உதட்டில் முட்டும். அதற்கு மேலும் முறுக்கினால் அது ஒரு ஜாக்கியாகவே மாறிவிடுகிறது. தரையை மிதித்துக்கொண்டு உதட்டை மேல்நோக்கி நெம்புகிறது.

டேபிள் வார்ப்பிரும்பு. அழுத்தினால் எவ்வளவும் தாங்கும், இழுத்தாலோ வளைத்தாலோ சட்டென்று உடையும். வேலையைக் கவ்விப் பிடிக்கும் வைஸை மாட்டி இறுக்கும்போது வைஸின் அடிப்பாகம் உதட்டின் மேலே உட்கார்ந்திருக்கிறது, நட் கீழிருந்து அழுத்துகிறது. உதடு இரண்டுக்கும் நடுவில் நசுங்குகிறது, ஒன்றும் ஆகாது. ஸ்டட் தரையில் முட்டி நிற்கும்போது உதட்டின் மேலே எதுவும் இல்லாமல் போகலாம். மொத்த விசையும் உதட்டின் அடிமூலையை இழுக்கிறது. 8.8 தர எம்12 போல்ட்டை முறையாக இறுக்கினால் மூன்றரை டன்னுக்கு மேல் விசை வரும். நீளமான ஸ்பேனர் கையில் இருந்தால் அந்த விசையை வரவைக்கப் பெரிய பலம் தேவையில்லை.

ஒழுங்காகச் செய்த டி-நட்டில் இதற்கு ஒரு தடுப்பு இருக்கும். அடிப்பக்கத்துக் கடைசி மரையை முழுதாக வெட்டாமல் விட்டிருப்பார்கள், அல்லது நசுக்கி வைத்திருப்பார்கள். ஸ்டட் அங்கே வந்ததும் நின்றுவிடும். இது தெரியாததால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் புது மெஷினோடு வந்த நட்டுகள் எல்லாம் “கடைசியில் இறுக்குகிறது” என்று ஒரு பையன் மரை வெட்டும் டேப்பை எடுத்து ஒவ்வொன்றிலும் அடிவரை ஓட்டிச் சுத்தம் செய்துவிட்டான். நல்ல வேலைக்காரன்தான், அக்கறையோடுதான் செய்தான். இறுக்கமாக இருந்தது குறை என்று நினைத்தான், அதுதான் பாதுகாப்பு என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அடுத்த வாரம் ஒரு தட்டையான வார்ப்பைக் கிளாம்ப் போட்டு இறுக்கும்போது டக்கென்று ஒரு சத்தம். நட் இருந்த நீளத்துக்கு உதடு அரைவட்டமாகப் பெயர்ந்து வந்தது. கிளாம்புக்கு மேலே இருக்கும் சாதாரண நட்டை இறுக்கும்போது உராய்வில் ஸ்டட்டும் சேர்ந்து சுற்றியிருக்கிறது, ஒவ்வொரு சுற்றிலும் கீழே ஜாக்கி ஏறியிருக்கிறது.

அங்கே எல்லோரும் சொன்னது “மட்டமான வார்ப்பு” என்றுதான். எனக்கு எரிச்சல் வருவது இந்த இடத்தில். அந்த விசைக்கு எந்த வார்ப்பும் உடையும். காரணத்தைத் தப்பாகப் பிடித்தால் அடுத்த மெஷினிலும் அதே நட்டைத்தான் போடுவார்கள். உடைந்ததை வெல்டு வைத்துச் சரிசெய்வது சுலபம் இல்லை. வார்ப்பிரும்பை வழக்கமாகச் சூடாக்கித்தான் வெல்டு வைப்பார்கள், அந்தச் சூட்டில் டேபிளின் மட்டமே கோணிவிடலாம். பெரும்பாலும் அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிட்டு வேலை செய்வதுதான் நடக்கிறது.

தடுக்கும் வழி சுலபம். முதலில் நட்டை ஸ்லாட்டுக்கு வெளியே கையில் வைத்து ஸ்டட்டை முறுக்குங்கள். அடியில் ஸ்டட்டின் முனை எட்டிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் நட்டைக் கவிழ்த்து, மரையின் விளிம்பில் இரண்டு மூன்று இடத்தில் சென்டர் பஞ்ச் வைத்து ஓங்கித் தட்டுங்கள், மரை நசுங்கி ஸ்டட்டை நிறுத்தும். பட்டறையில் நாமே செய்யும் நட்டுகளுக்கு இது கட்டாயம், ஏனென்றால் நாம் எப்போதும் டேப்பை முழுதாக ஓட்டிவிடுகிறோம்.

ஸ்லாட்டில் போட்ட பிறகு இன்னொரு சோதனை. ஸ்டட்டோடு நட்டைப் பிடித்து முன்னும் பின்னும் தள்ளுங்கள், மேலே தூக்கி இறக்குங்கள். லொடலொடவென்று ஆட வேண்டும். மேலே இன்னும் எதையும் இறுக்காதபோதே நட் பிடித்துக்கொண்டு நின்றால் ஸ்டட் தரையில் முட்டிவிட்டது என்று அர்த்தம்.

ஸ்டட்டுக்குப் பதில் தலை உள்ள போல்ட்டை மேலிருந்து போடுகிறவர்களுக்கு இதே ஆபத்து வேறு உருவத்தில் வரும். போல்ட் நீளமாக இருந்தால் வைஸை அழுத்துவதற்கு முன்பே தரையில் முட்டி இறுகிவிடும். கைக்கு நன்றாக இறுகியது போலத் தெரியும், வைஸோ தளர்ந்திருக்கும். அதனால்தான் உதட்டின் தடிமனையும் ஆழத்தையும் எழுதிவைக்கச் சொன்னேன். போல்ட்டின் நீளத்தை அதிலிருந்து கணக்கிடலாம். நட்டுக்குள் குறைந்தது போல்ட்டின் விட்டம் அளவுக்கு மரை பிடிக்க வேண்டும், அதே சமயம் முனை தரைக்கு எட்டக் கூடாது.

அப்புறம், பட்டை வடிவ ஸ்ட்ராப் கிளாம்பில் எல்லாம் சரியாக இருந்தாலும் ஸ்டட்டைச் சுற்றி உதட்டின் மேலே எதுவும் உட்கார்ந்திருக்காது. நட்டின் முழு நீளமும் உதட்டில் படிந்து விசையைப் பரப்புவதுதான் அங்கே பாதுகாப்பு. டேபிளின் ஓரத்தில் நட் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி ஒருபோதும் இறுக்காதீர்கள்.

நட்டின் கழுத்து டேபிளுக்கு மேலே நீட்டுவது

நட்டின் தோளை உதட்டின் அடியில் ஒட்டித் தூக்கிப் பிடித்தால், கழுத்தின் (ஸ்லாட்டின் வாய்க்குள் நிற்கும் குறுகிய பகுதி) மேல்பக்கம் டேபிள் மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். உதடு மெலிந்த மெஷின்களில் கழுத்து சிறிது மேலே நீட்டும். அதன் மேல் வைஸ் உட்கார்ந்தால் போல்ட் வைஸையும் நட்டையும் சேர்த்து இறுக்கும், டேபிளைப் பிடிக்காது. கட்டர் கடிக்கும்போது வைஸ் நகரும். விரல் நகத்தை ஓட்டினாலே தெரிந்துவிடும். நீட்டும் பகுதியை எடுத்துவிடுங்கள்.

ஸ்லாட்டை அராவுவது

குறைக்க வேண்டியது நட்டை. கடினப்படுத்திய நட்டில் அரம் வழுக்கினால் கிரைண்டரில் தேய்த்துக்கொள்ளுங்கள். புது டேபிளில் ஸ்லாட் விளிம்பில் பிசிறு இருந்தால் எண்ணெய்க் கல்லால் தேய்க்கலாம், அவ்வளவுதான்.

அறுகோணத் தலை போல்ட்டை ஸ்லாட்டில் கவிழ்த்துப் போடுவது

வேண்டாம்.

வைஸின் சாவிகளை மறப்பது

வைஸை நேராக நிற்கவைக்க அதன் அடியில் இருக்கும் சாவிகளும், அதாவது சிறு உலோகக் கட்டைகளும், இதே ஸ்லாட்டில்தான் உட்காருகின்றன. ஆனால் அவற்றின் தேவை வேறு. நட் தளர்வாக ஆடலாம், சாவி ஆடக் கூடாது. தரத்திலேயே இரண்டு விதம் உண்டு: வெறும் பிடிப்புக்கான ஸ்லாட்டின் வாய்க்கு எச்12 என்ற தாராளமான அளவு, வரிசைப்படுத்தவும் பயன்படும் ஸ்லாட்டுக்கு எச்8 என்ற நெருக்கமான அளவு. பல டேபிள்களில் நடு ஸ்லாட் மட்டும் நெருக்கமாக வெட்டப்பட்டிருக்கும். எது அது என்று அளந்து தெரிந்துகொண்டு வைஸை அதில் மாட்டுங்கள். அந்த ஸ்லாட்டின் பக்கச் சுவரில் டயலை வைத்து டேபிளை முழு நீளத்துக்கும் ஓட்டிப் பாருங்கள். ஊசி நகர்ந்தால் சாவியை நம்பாமல், ஒவ்வொரு முறையும் வைஸின் நிலைத் தாடையில் டயல் வைத்தே நேராக்க வேண்டும்.