உங்கள் தெருப் பிரச்சினையை மாநகராட்சித் தீர்மானம் வரை கொண்டுபோவது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

தெருவிளக்கு எரியவில்லை என்றால் அது புகார். தெருவில் விளக்குக் கம்பமே இல்லை என்றால் அது கோரிக்கை. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் மண்டல அலுவலகப் படியேறி இறங்கிக் களைத்துப்போகிறார்கள்.

புகாருக்குப் புதிதாகப் பணம் ஒதுக்க வேண்டியதில்லை. ஆள் இருக்கிறார், பல்பு இருக்கிறது, வந்து மாட்டினால் முடிந்தது. கோரிக்கை அப்படியல்ல. இடத்தை அளக்க வேண்டும், எஸ்டிமேட் போட வேண்டும், பணம் ஒதுக்க வேண்டும், வேலை பெரிதாக இருந்தால் கவுன்சிலர்கள் கூடும் மாநகராட்சி மன்றத்தில் தீர்மானம் வேண்டும், அப்புறம் டெண்டர். இதை உதவி எண்ணுக்கு எத்தனை முறை அழைத்துச் சொன்னாலும் நடக்காது. அழைப்பை எடுப்பவருக்கு வடிகால் கட்டும் அதிகாரம் கிடையாது.

இங்கே சென்னையை வைத்துச் சொல்கிறேன். மற்ற மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளில் பெயர்கள் கொஞ்சம் மாறும், வழி ஏறக்குறைய இதேதான். ஊராட்சியில் இருப்பவர்களுக்குக் கிராம சபை என்ற தனி ஏற்பாடு உண்டு, அதை இங்கே தொடவில்லை.

படி 1: யாருடைய வேலை என்று முதலில் பாருங்கள்

தப்பான கதவைத் தட்டினால் நாள்தான் வீணாகும். சென்னையில் குப்பை, தெருவிளக்கு, மழைநீர் வடிகால், உட்புறச் சாலை, பூங்கா, கொசு மருந்து, பிறப்பு இறப்புச் சான்று எல்லாம் மாநகராட்சி. குடிநீரும் கழிவுநீரும் 1978-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. அதற்கு 1916 அல்லது 044-4567 4567. மின்தடை, தொங்கும் வயர், மின்சாரப் பெட்டி என்றால் மின்வாரியம். அதன் உதவி மையமான மின்னகத்தின் எண் 94987 94987. பெரிய சாலைகள் சில நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கின்றன. சென்னையைத் தாண்டினால், தெருவுக்குள் வரும் குடிநீரைப் பெரும்பாலும் அந்தந்த மாநகராட்சியோ நகராட்சியோதான் பார்க்கிறது.

எல்லாவற்றையும்விடச் சிக்கலானது மழைநீர் வடிகாலில் கழிவுநீர் ஓடுவது. மாநகராட்சியிடம் போனால் “இது சாக்கடைத் தண்ணீர், வாரியத்திடம் சொல்லுங்க” என்பார்கள். வாரியத்திடம் போனால் “ஓடுறது கார்ப்பரேஷன் கால்வாயில்தானே?” என்பார்கள். இரண்டு பேர் சொல்வதும் பொய்யில்லை, அதுதான் கொடுமை. மழையே இல்லாத நாளிலும் தெருவோர வடிகாலில் நாற்றத்தோடு தண்ணீர் ஓடினால், யாரோ வீட்டுக் கழிவுநீர்க் குழாயை அதில் இணைத்திருக்கிறார்கள், அல்லது நடுத்தெருவில் இருக்கும் கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டு வழிகிறது. மழைக்குப் பிறகு மட்டும் தேங்கினால் வடிகால்தான் கோளாறு. எது என்று தெளிவாகத் தெரியாவிட்டால் ஒரே நாளில் இரண்டு இடத்திலும் புகார் பதியுங்கள். வாரியத்துப் புகாரில் மாநகராட்சிப் புகார் எண்ணைக் குறிப்பிடுங்கள், மாநகராட்சிப் புகாரில் வாரியத்துப் புகார் எண்ணைக் குறிப்பிடுங்கள். “அங்கே போங்க” என்று சொல்ல அப்புறம் இரண்டு பக்கமும் கொஞ்சம் யோசிப்பார்கள்.

படி 2: உங்கள் வார்டு எது, கவுன்சிலர் யார்?

சிரிக்காதீர்கள். எம்.எல்.ஏ. பெயர் தெரிந்தவர்களுக்குக்கூடக் கவுன்சிலர் பெயர் தெரிவதில்லை. சென்னையில் 200 வார்டுகள். சொத்து வரி ரசீதில் மண்டலம், வார்டு எண்கள் இருக்கும், ஆனால் எல்லைகள் மாற்றியமைக்கப்பட்டிருப்பதால் அதை மட்டும் நம்பாதீர்கள். மாநகராட்சி இணையதளத்தில் வார்டு உறுப்பினர் பட்டியல் இருக்கிறது. அதைவிடச் சுலபம், காலையில் தெரு பெருக்க வரும் தூய்மைப் பணியாளரிடம் கேட்பது. வார்டு எண், அலுவலகம் இருக்கும் தெரு, ஏ.இ. (உதவிப் பொறியாளர்) எப்போது ரவுண்ட்ஸ் வருவார் என்பது வரை சொல்லிவிடுவார்.

நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: வார்டு எண், கவுன்சிலர் பெயர், வார்டின் உதவிப் பொறியாளர், மண்டல அலுவலக முகவரி. குப்பை, கொசு சம்பந்தப்பட்டது என்றால் சுகாதார ஆய்வாளரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: புகார் என்றால் 1913

சென்னை மாநகராட்சியின் எண் 1913. மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை கட்டி முடிந்த ஆண்டும் அதுவே என்பதால் எனக்கு மறப்பதில்லை. ‘நம்ம சென்னை’ செயலியிலும் பதியலாம், அதில் படம் சேர்க்க முடியும் என்பது வசதி.

சொல்லும்போது இடத்தைத் துல்லியமாகச் சொல்லுங்கள். “எங்க தெருவில லைட் எரியல” என்பதைவிட, கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைச் சொல்லி “கதவு எண் 14-க்கு எதிரே” என்றால் தேடி வருபவருக்கு வேலை குறையும். புகார் எண்ணை வாங்காமல் ஃபோனை வைக்காதீர்கள்.

சில நாளில் “புகார் முடிக்கப்பட்டது” என்று குறுஞ்செய்தி வரும். தெருவில் போய்ப் பார்த்தால் ஒன்றும் நடந்திருக்காது. பொங்கி எழ வேண்டாம். அந்தக் குறுஞ்செய்தியைப் படமெடுத்து வையுங்கள், தேதி தெரிகிற மாதிரி தெருவையும் ஒரு படம் எடுங்கள், பழைய எண்ணைக் குறிப்பிட்டு மறுபடி பதியுங்கள். இப்படி இரண்டு மூன்று எண்கள் சேர்ந்தால் அடுத்த படியில் அவையே உங்கள் ஆதாரம்.

படி 4: கோரிக்கை என்றால் மனு

மனுவில் அழுகையும் வேண்டாம், மிரட்டலும் வேண்டாம். பொறியாளர் அதை வைத்துக்கொண்டு தெருவில் இறங்கி அளக்க முடிய வேண்டும். மாதிரிக்கு ஒன்று (இதில் வரும் பகுதி சபா என்ன என்பதை அடுத்த படியில் சொல்கிறேன்):

பெறுநர்: வார்டு உறுப்பினர் அவர்கள், ___ வார்டு. நகல்: உதவிப் பொறியாளர், ___ வார்டு, மண்டல அலுவலர், மண்டலம் ___.

பொருள்: ___ 2வது குறுக்குத் தெருவில் மழைநீர் வடிகால் அமைக்கக் கோருதல்.

ஐயா / அம்மா, மேற்கண்ட தெரு சுமார் 140 மீட்டர் நீளம். கதவு எண் 11 முதல் 29 வரையுள்ள வீடுகளின் முன் மழை ஓய்ந்த பிறகும் இரண்டு நாள் தண்ணீர் தேங்குகிறது. தெருவின் கிழக்கு முனையில் பிரதான சாலையில் வடிகால் உள்ளது, எங்கள் தெருவுக்கு அதனோடு இணைப்பு இல்லை. இதை அடுத்த பகுதி சபா கூட்டத்தில் பொருளாக எடுத்துக்கொண்டு பதிவு செய்யவும், இடத்தை ஆய்வு செய்து மதிப்பீடு தயாரிக்கவும் கேட்டுக்கொள்கிறோம். இணைப்பு: படங்கள், புகார் எண்கள், தெருவாசிகள் கையொப்பம்.

ஒரு மனுவில் ஒரே விஷயம். வடிகாலோடு நாய்த் தொல்லையையும் பக்கத்துக் கடை ஆக்கிரமிப்பையும் சேர்த்தால் எது எந்தப் பிரிவுக்குப் போவது என்று தெரியாமல் காகிதம் நடுவில் படுத்துக்கொள்ளும். கையொப்பம் வாங்கும்போது வாடகைக்கு இருப்பவர்களை விட்டுவிடாதீர்கள், தண்ணீர் அவர்கள் வீட்டுக்குள்ளும்தான் வருகிறது.

இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் தேதியோடு சீல் வாங்குங்கள். மண்டல அலுவலகத்தில் தபால் பிரிவு இருக்கும். கவுன்சிலர் அலுவலகத்தில் சீல் இல்லை என்றால் கையெழுத்தும் தேதியும் போதும். “நீங்க போங்க, நான் பார்த்துக்கிறேன்” என்ற பதில் அன்பாகத்தான் வரும், ஆனாலும் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடங்கள் பெண்களுக்கானவை. உங்கள் கவுன்சிலர் பெண்ணாக இருந்தால் மனுவை அவர் கையில் கொடுங்கள். வாசலில் உட்கார்ந்திருக்கும் கணவரிடமோ அண்ணனிடமோ கொடுத்துவிட்டு வராதீர்கள். மன்றத்தில் எழுந்து பேசும் உரிமை அவருக்குத்தான், அவர் வீட்டுக்காரருக்கு இல்லை.

படி 5: பகுதி சபா

இதுதான் இந்தப் பதிவின் மையம், ஏனென்றால் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கிராமத்தில் கிராம சபை மாதிரி நகரத்தில் பகுதி சபா. 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-வது அரசியலமைப்புத் திருத்தம் 3 லட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் வார்டு குழு, பகுதி சபா விதிகள் வந்தது 2022-இல்தான். அந்த ஆண்டு நவம்பர் 1 உள்ளாட்சி நாளில் முதல் கூட்டங்கள் நடந்தன. தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்ததில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலினே கலந்துகொண்டார்.

ஒவ்வொரு வார்டும் பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது, சென்னையில் வார்டுக்கு 10. அந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் எல்லோரும் சபாவின் உறுப்பினர்கள். நீங்களும்தான், யாரும் உங்களை நியமிக்க வேண்டியதில்லை. பகுதிப் பிரதிநிதிகள் சேர்ந்தது வார்டு குழு, அதற்குத் தலைவர் கவுன்சிலர்.

ஆண்டுக்கு நான்கு தேதிகள்: ஜனவரி 25 வாக்காளர் நாள், ஏப்ரல் 14 அம்பேத்கர் பிறந்தநாள், செப்டம்பர் 15 அண்ணா பிறந்தநாள், டிசம்பர் 10 மனித உரிமை நாள். தேர்தல் நடத்தை விதி அமலில் இருந்தால் தள்ளிப்போகும். நடைமுறையில் பல வார்டுகளில் இது பெயருக்கு நடக்கிறது, சில இடங்களில் கட்சிக்காரர்கள் மட்டும் கூடி படமெடுத்துக் கலைகிறார்கள். அதனால் தேதிக்கு ஒரு வாரம் முன்பே வார்டு அலுவலகத்தில் “எங்க ஏரியா கூட்டம் எங்கே, எத்தனை மணிக்கு?” என்று கேட்டு வையுங்கள். கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தாலே நாற்காலி கொஞ்சம் அதிகமாகப் போடுவார்கள்.

நான்கில் எதைத் தவறவிடக் கூடாது? என் கணக்கில் செப்டம்பரும் டிசம்பரும். மாநகராட்சி பட்ஜெட் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் வாசிக்கப்படுகிறது. அதற்குள் உங்கள் தெரு யாராவது ஒருவருடைய பட்டியலில் ஏறியிருக்க வேண்டும். ஏப்ரலில் போய்க் கேட்டால் “இந்த வருஷ ஃபண்ட் முடிஞ்சிடுச்சு சார், அடுத்த வருஷம் பார்க்கலாம்” என்பதுதான் பதில். செப்டம்பரில் இன்னொரு லாபம், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் பொறியாளர்கள் வடிகால் ஞாபகத்திலேயே இருப்பார்கள்.

கூட்டத்துக்குத் தனியாகப் போகாதீர்கள். ஐந்தாறு பேர், முடிந்தால் வேறு வேறு கட்சி அனுதாபிகள் கலந்து போங்கள். ஒரே கட்சிக்காரர்கள் மொத்தமாகப் போனால் கோரிக்கையில் அரசியல் வாசம் வந்துவிடும். பேசுபவர் ஒருவர்தான், இரண்டு நிமிடம் போதும். படத்தைக் காட்டுங்கள், மனு எண்ணையோ தேதியையோ சொல்லுங்கள், என்ன வேண்டும் என்று ஒரே வரியில் கேளுங்கள்.

அதற்கப்புறம் கேட்க வேண்டிய கேள்வி: “மேடம், இதைப் பதிவேட்டில் எழுதிட்டீங்களா?” எழுதும்வரை பக்கத்தில் நில்லுங்கள். தெருவின் பெயர் சரியாக இருக்கிறதா, “வடிகால் அமைக்க” என்பதை “வடிகால் சுத்தம் செய்ய” என்று எழுதிவிட்டார்களா என்று பாருங்கள். இது சின்னத் திருத்தம் மாதிரி தெரியும். சுத்தம் செய்ய என்று எழுதினால் ஒருநாள் ஆள் வந்து மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்பார்கள்.

படி 6: மன்றம் வரை

மாமன்றக் கூட்டத்தில் நீங்கள் பேச முடியாது, கவுன்சிலர்தான் பேச வேண்டும். அங்கே கேள்வி நேரம் உண்டு, உறுப்பினர்கள் அவசரப் பிரச்சினைகளை எழுப்பும் நேரமில்லா நேரம் உண்டு, அதன்பின் தீர்மானங்கள். அதற்குக் கீழே மண்டலக் குழுவும், பணிகள், சுகாதாரம், வரிவிதிப்பு போன்ற நிலைக்குழுக்களும் இருக்கின்றன. ஒரு தெரு அளவிலான வேலை மண்டலத்திலேயே முடிந்துவிடக்கூடும். செலவு கூடக்கூட மேலே போகும்.

கவுன்சிலரைப் பார்க்கும்போது “செய்வீங்களா?” என்று கேட்டால் “கண்டிப்பா” என்பதைத் தவிர அவர் வேறென்ன சொல்வார்? பதிலுக்கு இப்படிக் கேளுங்கள்: “எஸ்டிமேட் போட்டாச்சா? எவ்வளவு? உங்க மேம்பாட்டு நிதியிலா, மாநகராட்சிப் பொது நிதியிலா? எந்தக் கூட்டத்துக்குப் போகுது?” கூட்டம் முடிந்ததும் தீர்மான எண்ணையும் தேதியையும் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த எண் கிடைத்துவிட்டால் கவுன்சிலர் மாறினாலும் உங்கள் வேலை காகிதத்தில் உயிரோடு இருக்கும். அவர் எதிர்க்கட்சியாக இருந்தால் நடக்காது என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பிவிட வேண்டாம். நேரமில்லா நேரத்தில் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் தெருப் பெயரைச் சொல்லிக் கேட்டுவிட்டால், மேடையில் இருப்பவர்கள் ஏதாவது பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மன்றமே இல்லாத காலமும் வரும். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 2022-இல்தான் தேர்தல் நடந்தது. இடையில் தனி அலுவலர்கள்தான் நிர்வாகம் செய்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் மனு நேராக ஆணையருக்கு. பேரூராட்சி என்றால் செயல் அலுவலருக்கு.

படி 7: பதில் வரவில்லை என்றால் ஆர்.டி.ஐ.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005. கட்டணம் 10 ரூபாய், மனுவில் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டலாம். மாநில அரசின் ஆர்.டி.ஐ. இணையதளத்தின் வழியாகவும் அனுப்பலாம். மண்டல அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். “ஏன் வடிகால் கட்டவில்லை?” என்று கேட்காதீர்கள். காரணம் சொல்ல அவர் கடமைப்பட்டவர் இல்லை, இருக்கிற ஆவணத்தைத் தரத்தான் கடமைப்பட்டவர். எனவே இப்படி:

___ தேதியிட்ட எங்கள் மனு மீது எடுக்கப்பட்ட நடவடிக்கைக் குறிப்பின் நகல் தருக.
___ தேதி நடந்த பகுதி சபா கூட்ட நடவடிக்கைப் பதிவேட்டின் நகல் தருக.
___ தெருவுக்கு மதிப்பீடு தயாரிக்கப்பட்டிருந்தால் அதன் நகல் தருக.
வேலை முடிந்ததாகக் காட்டப்பட்டிருந்தால் பணி ஆணை, அளவுப் புத்தகப் பக்கங்களின் நகல் தருக.

கடைசிக் கேள்வியைத் தவறாமல் சேருங்கள். எவ்வளவு வேலை நடந்தது என்று பொறியாளர் அளந்து எழுதுவதுதான் அளவுப் புத்தகம். 140 மீட்டர் கட்டியதாக அளவுப் புத்தகத்தில் இருந்து, தெருவில் 90 மீட்டர்தான் இருந்தால், டேப்பை எடுத்துக்கொண்டு போய் நீங்களே அளந்து காட்டலாம்.

30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ மழுப்பலாக வந்தாலோ, அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு. அதிலும் சரிவரவில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். அங்கே காலதாமதம் ஆகும், ஆனால் தெரு அளவிலான விஷயங்களில் முதல் மேல்முறையீடு போனதுமே ஏ.இ. ஃபோன் செய்து “சார், சைட்ல பார்க்கலாமா?” என்று கேட்பது உண்டு. கேட்டால் போங்கள். மனுவின் சீல் வைத்த பிரதியையும் டேப்பையும் கையோடு எடுத்துக்கொண்டு, கையெழுத்துப் போட்ட இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.