தோள்வலியும் நடுக்கமும் தீர்ந்த கதை

உத்தராகண்டில் சாங்க்ரியிலிருந்து கேதார்காந்தா ஏறியபோது முதல் நாளே தோள் இரண்டும் கன்றிப்போயின. முதுகில் 60 லிட்டர் பை. இடம் இருக்கிறதே என்று கண்டதையும் திணித்திருந்தேன், சரி, அது என் தப்பு. ஆனால் வலிக்கு உண்மையான காரணம் வேறு என்பது ஊர் திரும்பி முதுகை அளந்தபோதுதான் தெரிந்தது.

தலையைக் குனிந்தால் பின்கழுத்தில் ஓர் எலும்பு துருத்துமே, அங்கிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு மட்டம் வரை அளக்க வேண்டும். எனக்கு 46 செ.மீ. பையோ அதைவிட நீண்ட முதுகுக்குத் தைத்தது. இடுப்புப்பட்டை எலும்பில் உட்காராமல் கீழே சரிய, சுமை முழுக்கத் தோளில் தொங்கியிருக்கிறது. அடுத்த பையைக் கடையிலேயே பத்து கிலோ போட்டுச் சுமந்து பார்த்தேன். முதலில் இடுப்புப்பட்டையை இறுக்கி, அப்புறம்தான் தோள்பட்டையை இழுத்தேன். 50 லிட்டரே போதுமாக இருந்தது.

இரவில் நடுங்கியதற்கும் காரணம் உண்டு: ஸ்லீப்பிங் பேக்கிலும், அதாவது உள்ளே புகுந்து தூங்கும் பையிலும், ஏமாந்திருந்தேன். அதில் பெரிதாக அச்சிட்டிருந்த மைனஸ் 15 டிகிரி என்பது 'எக்ஸ்ட்ரீம்' அளவு, அதாவது உயிர் தப்பும் எல்லை. நிம்மதியாகத் தூங்க 'கம்ஃபர்ட்' எண்ணைத்தான் பார்க்க வேண்டும். அது 4 டிகிரி என்று பொடி எழுத்தில் இருந்தது! இப்போது வைத்திருப்பது கம்ஃபர்ட் மைனஸ் 7. அடியில் தடித்த பாயும் விரிக்கிறேன், ஏனென்றால் உடம்பின் பாரத்தில் கீழ்ப்பக்கப் பஞ்சு நசுங்கிவிடும், தரையின் குளிர் நேரே ஏறும்.

அடுத்த பனிக்காலத்தில் அதே மலை. விடியற்காலையில் பாட்டில் தண்ணீர் உறைந்திருந்தது. என் பாதம் கதகதப்பாக இருந்தது.