உயரமான ரேமும் பெரிய கூலரும் இடிக்காமல் பொருத்துவது எப்படி

ரேம் வாங்கும்போது வேகத்தையும் கொள்ளளவையும் பார்க்கிறோம். கம்ப்யூட்டர் பிராசஸருக்குப் பெரிய ஏர் கூலர் (ஃபேன் வைத்துச் சூட்டைத் தணிப்பது) வைக்கப் போகிறீர்கள் என்றால் உயரத்தையும் பாருங்கள், கூலர் பக்கத்திலுள்ள ரேமின் மேல் வரை நீண்டு இடிக்கும்.

படி 1: உயரம்

தகடு ஒட்டாத டிடிஆர்4 தலைமுறை ரேம் சுமார் 133 மி.மீ. நீளம், 31 மி.மீ. உயரம். ஸ்லாட்டின் அளவு ஒன்றேதான் என்பதால் எந்த பிராண்டிலும் நீளம் மாறாது. உயரத்தைக் கூட்டுவது மேலே ஒட்டியிருக்கும் அலுமினிய ஹீட் ஸ்ப்ரெடர், அதாவது சூட்டைப் பரப்பும் தகடு. சீப்புப் பல் போல நீட்டிக்கொண்டிருப்பவையும் ஆர்ஜிபி விளக்கு வைத்தவையும் 40 மி.மீட்டரைச் சாதாரணமாகத் தாண்டும்.

நாக்டுவா என்எச்-டி15 கூலரில் இரண்டு ஃபேனும் இருந்தால் அடியில் ரேமுக்குக் கிடைப்பது 32 மி.மீ. தான். முன் ஃபேனைக் கழற்றினால் 64. கிளிப்பைத் தளர்த்தி அந்த ஃபேனைக் கொஞ்சம் மேலே ஏற்றவும் செய்யலாம். ஆனால் 10 மி.மீ. ஏற்றினால் 165 மி.மீ. கூலர் 175 ஆகிவிடும், அப்புறம் கேபினட் கதவு மூடாது. கேபினட்டின் கூலர் உயர வரம்பைப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள். ரேமின் உயரத்தை ஸ்கேலால் அளப்பவர்கள் தங்கநிறப் பின்களின் அடிவிளிம்பிலிருந்து அளக்க வேண்டும்.

படி 2: பொருத்துதல்

கூலருக்கு முன்பே ரேமை மாட்டிவிடுங்கள். இரண்டு ரேம் என்றால் பெரும்பாலான மதர்போர்டுகளில் பிராசஸரிலிருந்து 2-வது, 4-வது ஸ்லாட். டிடிஆர்4, அடுத்த தலைமுறையான டிடிஆர்5 இரண்டுக்கும் 288 பின்கள்தான், காடி (பின்களுக்கு நடுவே உள்ள வெட்டு) இருக்கும் இடம்தான் வேறு. உள்ளே போகவில்லை என்றால் அழுத்தாதீர்கள். தகட்டின் நடுவில் அழுத்தாமல் இரு முனைகளிலும் அழுத்துங்கள். ஒரு பக்கம் மட்டும் லாட்ச் (ரேமைப் பிடிக்கும் கொக்கி) உள்ள போர்டில் மறுமுனையில் 'டிக்' சத்தம் வராது. அந்த முனை முழுதாக இறங்கியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

தகடு தேவையா?

1.2 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்4-க்கு அழகுக்குத்தான். எக்ஸ்எம்பி (ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் அமைப்பு) போட்டு 1.35 வோல்ட்டில் ஓட்டினாலும் தட்டையான தகடு போதும். டிடிஆர்5 விஷயம் வேறு: மின்னழுத்தத்தைச் சீராக்கும் சிப்பும் ரேமிலேயே உட்கார்ந்திருக்கிறது, அதுவும் சூடாகும். வெப்ப சென்சாரும் உள்ளேயே இருப்பதால் எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளில் வெப்ப அளவைப் பார்க்கலாம். என் ஓட்டு எப்போதும் உயரம் குறைந்த, விளக்கில்லாத கறுப்புத் தகட்டுக்குத்தான்.

பின்சேர்க்கை: இடம் போதவில்லை என்று தகட்டைப் பிய்க்கலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். வேண்டாம். பசை சிப்போடு ஒட்டியிருக்கும், இழுத்தால் சிப்பே கையோடு வந்துவிடலாம். வாரன்டியும் போகும். ரேமை மாற்றுங்கள், இல்லையென்றால் ஒரு ஃபேனோடு ஓட்டுங்கள்.