ஊர்வல ஓவியத்தைப் படிப்பது எப்படி?

லாரன்ஸ் அல்மா-தடேமா 1894-இல் வரைந்த 'வசந்தம்' ஓவியத்தை வைத்துப் பழகுவோம். அது லாஸ் ஏஞ்சல்ஸின் கெட்டி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர்கள் இணையதளத்திலிருந்து பெரிய படத்தை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். கைபேசி வேண்டாம், கணினியில் திறங்கள்.

படி 1: விளக்கக் குறிப்பைத் தொடாமல் இரண்டு நிமிடம் பாருங்கள். பண்டைய ரோம். பூக்களோடு பெண்களும் குழந்தைகளும் பளிங்குப் படிகளில் இறங்கி வருகிறார்கள்.

படி 2: நடப்பவர்களையும் வேடிக்கை பார்ப்பவர்களையும் தனித்தனியாகப் பிரியுங்கள். படம் சுமார் 178 செ.மீ. உயரம், அகலமோ 80 செ.மீ. தான். பக்கவாட்டில் இடமில்லாததால் கூட்டம் மேல்நோக்கி அடுக்கப்பட்டிருக்கிறது: ஜன்னலில் கொஞ்சம் பேர், கூரை மேல் கொஞ்சம் பேர். நாம் நிற்பது படிக்கட்டின் அடியில். ஊர்வலம் நம் மேலேயே வந்து இறங்கும் போலிருக்கும்.

படி 3: என்ன விழா? இங்கேதான் நிறைய நேரம் செலவிட வேண்டும். தானியங்களின் தேவதை சீரிஸுக்கு ஏப்ரலில் எடுத்த செரியாலியா என்று பலரும் சொல்வார்கள். சரி, ஆடைகளைப் பாருங்கள். செரியாலியாவுக்கு வெள்ளை உடுத்துங்கள் என்கிறார் ரோமானியக் கவிஞர் ஓவிட். பூக்களின் தேவதை ஃப்ளோராவுக்குத்தான் பல வண்ண உடை பொருந்தும் என்பதும் அவர் சொன்னதே. படத்தில் வெள்ளை மட்டுமா இருக்கிறது? ஃப்ளோராவின் விழா ஏப்ரல் 28-இல் தொடங்கி மே 3 வரை போகும். என் ஓட்டு ஃப்ளோராவுக்கு. நீங்கள் மறுக்கலாம், ஆனால் படத்திலிருந்தே ஆதாரம் காட்டுங்கள்.

படி 4: இப்போது குறிப்பைப் படியுங்கள். அல்மா-தடேமா நெதர்லாந்தில் பிறந்து 1870-இல் லண்டனில் குடியேறியவர். மே 1 காலையில் பிள்ளைகளைப் பூப்பறிக்க அனுப்பும் ஆங்கிலேய வழக்கத்தைத்தான் ரோமானிய உடையில் நடக்கவிட்டிருக்கிறார். வாத்தியங்களுக்கும் சிலைகளுக்கும் ரோமானிய மூலங்களைத் தேடிப்பிடித்தவர், கட்டடத்தை மட்டும் பல இடங்களின் துண்டுகளை ஒட்டிக் கட்டிவிட்டார். இப்படியொரு தெரு ரோமில் இருந்ததே இல்லை.

அப்புறம் படத்தைப் பெரிதாக்கி முகங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ரோமானியர்களாக நிற்பவர்களில் சிலர் ஓவியரின் நண்பர்கள், வீட்டு மனிதர்கள்.