ஆர்வி பேட்டரிகளுக்கு நடுவே போடும் வயரில் நடக்கும் தவறுகள்

ஆர்வி என்கிற வீட்டு வண்டியில் இன்வெர்ட்டருக்குப் போகிற கேபிளைக் கணக்குப் போட்டுத் தடிமனாக வாங்குகிறவர்களே, பேட்டரிக்கும் பேட்டரிக்கும் நடுவே மட்டும் கையில் கிடந்த ஒல்லித் துண்டைப் போட்டு முறுக்கிவிடுவார்கள். கேட்டால், ஒரு அடிதானே என்பார்கள். நீளம் குறைந்தால் வோல்டேஜ் இழப்பு குறையும், சரி. ஆனால் வயர் எவ்வளவு சூடாகும் என்பது அதில் ஓடும் ஆம்பியரைப் பொறுத்தது, ஒரு அடியானாலும் பத்து அடியானாலும்.

12 வோல்ட்டில் 2000 வாட் இன்வெர்ட்டர் முழு லோடில் ஓடினால் 167 ஆம்பியர், இன்வெர்ட்டரின் சொந்த இழப்பையும் சேர்த்தால் 190, 200 வரை போகும். 6 வோல்ட் கோல்ஃப் வண்டி பேட்டரி இரண்டை சீரிஸில் (ஒன்றின் பிளஸை அடுத்ததன் மைனஸோடு இணைத்து) போட்டிருந்தால் அத்தனையும் நடு வயர் வழியாகத்தான் போகும். பேரலலில் (பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) ஆளுக்குப் பாதி என்று நினைத்து 4 கேஜ் போடுகிறார்கள் (கேஜ் என்பது வயரின் தடிமன் எண், 4 என்பது 2-ஐ விட ஒல்லி). இரண்டில் ஒரு லித்தியம் பேட்டரியின் பிஎம்எஸ் (உள்ளே இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட்) கட் ஆகிவிட்டால், 200 ஆம்பியர் தரக்கூடிய மற்றது மொத்த லோடையும் தனியாகத் தூக்கும், அது முழுக்க அந்த 4 கேஜில் ஓடும். அதனால் மெயின் கேபிள் என்ன சைஸோ, நடு வயரும் அதே சைஸ்தான்.

ஆர்டர் போடும்போது 2 கேஜும் 2/0-வும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். முதலாவது சுமார் 34 சதுர மி.மீ., இரண்டாவது 67, அப்படியே இரட்டிப்பு. இன்வெர்ட்டர் பத்து அடி தள்ளி இருந்தால் போகவர இருபது அடி. 200 ஆம்பியரில் 2 கேஜ் 0.6 வோல்ட்டைத் தின்றுவிடும், 2/0 பாதிதான். விலை மலிவாக இருக்கிறதே என்று பார்த்தால் பெரும்பாலும் அது செம்பு பூசிய அலுமினியம். அதே கேஜ் எண்ணுக்கு அது செம்பு அளவு கடத்தாது, வேண்டாம்.

நாலு பேட்டரியைப் பேரலலில் போட்டு பிளஸ், மைனஸ் இரண்டையும் முதல் பேட்டரியிலிருந்தே எடுப்பது இன்னொரு வழக்கமான தப்பு. முதல் பேட்டரி உழைத்துத் தேயும், கடைசி பேட்டரி சும்மா உட்கார்ந்திருக்கும். பிளஸை ஒரு முனையிலும் மைனஸை மறு முனையிலும் எடுங்கள், நடு வயர்களை ஒரே நீளத்தில் வெட்டுங்கள்.

அப்புறம் இந்த வாஷர். டெர்மினலுக்கும் லக்குக்கும் (கேபிள் முனையில் இருக்கும் உலோக வளையம்) நடுவே ஸ்டெயின்லெஸ் வாஷரைச் சொருகினால் எவ்வளவு தடித்த கேபிளாக இருந்தாலும் அந்த இடம் சுடும். லக் நேராக டெர்மினலில் உட்கார வேண்டும், வாஷர் அதன் மேலே, அதற்கும் மேலே நட்.

ஃப்யூஸை வயருக்குப் பார்த்துப் போடுங்கள், பிளஸ் டெர்மினலை ஒட்டியே. லித்தியம் என்றால் கிளாஸ் டி (Class T) ஃப்யூஸ், ஏனென்றால் ஷார்ட் ஆனால் பாய்வது ஆயிரக்கணக்கான ஆம்பியர், மலிவு ஃப்யூஸ் உருகிய பிறகும் உள்ளே பொறி நிற்காமல் ஓடலாம்.