பெடல் ஸ்டீல் கிடார் பழகத் தொடங்குவது எப்படி?

ஒரு தந்தி அசையாமல் ஒலிக்க, பக்கத்துத் தந்தி மட்டும் மெல்ல மேலேறி வேறொரு கார்டில் (ஒன்றாக ஒலிக்கும் சுரங்களின் கூட்டில்) போய்ச் சேரும். கிடையாக வைத்து, தந்திகள் மேல் பாரை நகர்த்தி, பெடலால் சுரத்தை மாற்றி வாசிக்கும் பெடல் ஸ்டீலின் இனிமை முழுக்க இங்கேதான் இருக்கிறது. 1954-ல் வெளிவந்த அமெரிக்க கன்ட்ரி பாடகர் வெப் பியர்ஸின் இசைத்தட்டு ஒன்றில், சுரம் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே ஸ்டீல் கலைஞர் பட் ஐசக்ஸ் பெடலை மிதித்தார். அதைக் கேட்ட பிறகு மற்ற ஸ்டீல் கலைஞர்களும் தங்கள் கருவிகளில் பெடல் பூட்டத் தொடங்கினார்கள். இந்த இன்பம் உங்களுக்கு முதல் நாளே கிடைத்துவிடும். இரண்டு கை, இரண்டு பாதம், இரண்டு முழங்கால், காது என எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வேலை வாங்குவதுதான் சிரமம்.

கருவி

10 தந்தி, ஈ9 ட்யூனிங் (கீழே வரும் சுருதி வரிசை), 3 பெடல், 4 முழங்கால் லீவர் (முழங்காலால் தள்ளிச் சுரம் மாற்றும் நெம்புகோல்) உள்ளதாகப் பாருங்கள். ஒரே லீவர் கொண்ட மாணவர் மாடல்கள் மலிவுதான், ஆனால் சீக்கிரமே கையைக் கட்டிப்போடும். ஈ தந்திகளை ஏற்ற ஒரு லீவர், இறக்க ஒரு லீவர் எனக் குறைந்தது இரண்டு கட்டாயம் தேவை. கட்டைவிரலுக்கு பிளாஸ்டிக் பிக் (தந்தி மீட்ட விரலில் மாட்டுவது), ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் உலோக பிக், இடது கையால் தந்திகள் மேல் நகர்த்த சுமார் 22 மி.மீ. விட்டமுள்ள ஸ்டீல் பார், வால்யூம் பெடல், ஆம்ப் (ஒலிபெருக்கி), ட்யூனர் (சுருதி காட்டும் கருவி) ஆகியவையும் வேண்டும்.

உட்காரும் முறை

கருவியின் அடியில் தொடைகள் லீவரில் உரசாமல் நுழைய வேண்டும். நாற்காலி உயரத்தை அதற்கேற்ப வையுங்கள். வலது கால் வால்யூம் பெடலில். இடது குதிகால் தரையில் ஊன்றியிருக்க, முன்பாதம் ஏ, பி பெடல்கள் இரண்டையும் சேர்த்து மூட வேண்டும். பெடல்களை வரிசைப்படுத்த இரண்டு முறைகள் உண்டு. எம்மன்ஸ் அமைப்பில் பெடல்கள் இடமிருந்து ஏ, பி, சி என வரும்; டே அமைப்பில் இது தலைகீழ். இங்கே சொல்வதெல்லாம் எம்மன்ஸ் அமைப்புக்கு. ஏ மட்டும் வேண்டுமானால் பாதத்தைத் தூக்காதீர்கள், கணுக்காலை இடப்பக்கம் சாய்த்தால் பி தானாக விடுபடும்.

சுருதி சேர்த்தல்

உங்களிடமிருந்து மிகத் தள்ளி இருப்பதே 1-ஆம் தந்தி. வரிசை இப்படி: எஃப் ஷார்ப், டி ஷார்ப், ஜி ஷார்ப், ஈ, பி, ஜி ஷார்ப், எஃப் ஷார்ப், ஈ, டி, பி. எல்லாவற்றிலும் உச்சமான சுரம் 3-ஆம் தந்தியில் இருப்பது தொடக்கத்தில் குழப்பும். அடிக்கடி அறுவதும் அதுதான். அதன் வழக்கமான தடிமன் 0.011 அங்குலம், கூடுதலாகச் சில வாங்கி வையுங்கள்.

1. எந்தப் பெடலையும் தொடாமல், தலைப்பகுதியில் உள்ள திருகாணிகளால் எல்லாத் தந்திகளையும் சேர்க்கவும்.
2. ஏ பெடலை முழுக்க மிதித்தபடி, வலது முனையில் உள்ள நைலான் நட்டைத் திருப்பி 5, 10-ஆம் தந்திகளை பி-யிலிருந்து சி ஷார்ப்புக்குக் கொண்டுவரவும்.
3. பி பெடலை மிதித்து அதேபோல் 3, 6-ஆம் தந்திகளை ஜி ஷார்ப்பிலிருந்து ஏ-வுக்கு.
4. பெடலை விட்டுவிட்டுத் திறந்த சுரத்தை மறுபடி சோதிக்கவும்.

நான்காவது படியில் சுரம் கூடுதலாக நின்றால், நைலான் நட்டை அளவுக்கு மீறி இறுக்கிவிட்டீர்கள் என்று பொருள். பெடல் விட்ட நிலையில், அந்த நட்டு பூட்டிய இழுகம்பியில் (தந்தியில் அல்ல) சிறு தளர்வு இருக்க வேண்டும்.

ட்யூனர் எல்லாம் சரி என்று காட்டினாலும் ஈ கார்ட் அலையடிப்பது போல் கேட்கும். ஜி ஷார்ப்பை 10 முதல் 14 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) வரை குறைத்தால் அந்த அதிர்வு அடங்கும். பெடல் மிதிக்கும்போது மற்றத் தந்திகள் ஓரிரு சென்ட் இறங்குவதும் உண்டு. கூடும் இழுவிசையால் கருவியின் உடல் மிக லேசாக வளைவதே காரணம். அதைப் பழுது என்று நினைத்துப் பிரித்துப் போட்டுவிடாதீர்கள்.

பார் பிடித்தல்

சாதாரண கிடாரில் விரல் ஃப்ரெட்டுக்குச் சற்றுப் பின்னால் இருக்கும். இங்கே பார் கோட்டின் நேர் மேலே இருக்க வேண்டும். ஃப்ரெட் என்பது வெறும் வரைந்த கோடு, உங்கள் பிழையை அது திருத்தாது. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் கண் ஏமாற்றும், ஆகவே தலையை பாருக்கு மேலே கொண்டுவாருங்கள். அழுத்த வேண்டாம், பாரின் எடையே போதும். மோதிர விரலும் சுண்டுவிரலும் பாருக்குப் பின்னால் தந்திகள் மேல் படிந்திருக்கட்டும். இல்லையென்றால் பின்பக்கம் முனகல் கேட்கும்.

தந்தியை நிறுத்தப் பழகுங்கள்

பலரும் தாண்டிப்போவது இதைத்தான். மீட்டிய தந்தி நீண்ட நேரம் ஒலிப்பதால், நிறுத்தாமல் பாரை நகர்த்தினால் எல்லாச் சுரமும் ஒன்றோடொன்று இழுபட்டு ஊளையிடும். மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, 4-5-6 தந்திகளை மீட்டுங்கள். அடுத்த தட்டில் வலது உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்க விளிம்பைத் தந்திகள் மேல் வைத்து ஒலியை அடக்குங்கள். அடங்கிய பிறகே பாரை நகர்த்துங்கள், பின் கையைத் தூக்கி மறுபடி மீட்டுங்கள். 3-4-5, 5-6-8, 6-8-10 கூட்டணிகளிலும் இதையே செய்யுங்கள். அலுப்பாகத்தான் இருக்கும். இது கைவரும்வரை வால்யூம் பெடலைப் பாதி அளவில் அப்படியே விட்டுவிடுவது நல்லது. அதை ஆட்டி ஆட்டி வாசிப்பது ஒலி நிற்காத குறையை மறைக்குமே தவிர தீர்க்காது. பின்னர் வால்யூம் பெடல் பாதியில் இருக்க மீட்டி, ஒலி தேயத் தேய அதை மெல்ல அழுத்துங்கள்; சுரம் நீண்டு நிற்கும்.

முதல் கார்டுகள்

பாரை 3-ஆம் ஃப்ரெட்டில் வைத்து 3-4-5 தந்திகளை மீட்டினால் ஜி மேஜர். ஒலி இருக்கும்போதே ஏ, பி இரண்டையும் மெதுவாக மிதியுங்கள், சி மேஜராகும். இரண்டு கார்டுக்கும் பொதுவான ஜி சுரம் 4-ஆம் தந்தியில் அசையாமல் நிற்க, மற்ற இரண்டும் ஏறுவதைக் கவனியுங்கள். பெடலை அழுத்தியபடி 5-ஆம் ஃப்ரெட்டுக்குப் போனால் டி மேஜர். மூன்று கார்டுக்கு இரண்டே ஃப்ரெட்! 3-ஆம் ஃப்ரெட்டில் ஏ மட்டும் மிதித்தால் ஈ மைனர்.

இவை பிசிறின்றி வந்ததும் லீவருக்குப் போகலாம். இடது முழங்காலை இடப்பக்கம் தள்ளினால் ஈ தந்திகள் எஃப்-க்கு ஏறும். அதோடு ஏ பெடலும் சேர்ந்தால் 6-ஆம் ஃப்ரெட்டில் அதே ஜி மேஜர் கிடைக்கும். 10-ஆம் ஃப்ரெட்டில் ஏ, பி சேர்த்து மிதித்தாலும் அதுவே. 3, 6, 10 என மூன்று இடத்திலும் மாறி மாறி வாசித்துப் பாருங்கள். 10-ஆம் ஃப்ரெட்டில் மட்டும் சுருதி விலகிக் கேட்டால், நைலான் நட்டைத் தொடும் முன் பார் கோட்டின் மேல் இருக்கிறதா என்று பாருங்கள்.