பட்டிப்பூக் கலங்களை பயோரியாக்டரில் வளர்த்து அஜ்மாலிசின் எடுப்பது எப்படி?

மட்டக்களப்பின் கல்லடி, களுவாஞ்சிக்குடிப் பக்க மணல் வளவுகளில் தானாகவே முளைக்கும் பட்டிப்பூதான் (நித்தியகல்யாணி) நமக்கு மூலப்பொருள். பயோரியாக்டர் என்பது கலங்களைக் கிருமியின்றிக் காற்றூட்டி வளர்க்கும் பாத்திரம். புற்றுநோய் மருந்தான வின்கிறிஸ்டினை நினைத்து இதில் இறங்க வேண்டாம். அதற்குத் தேவையான வின்டோலின் என்ற கூறு இலையின் சிறப்புக் கலங்களில்தான் முழுமையாக உருவாகும். குடுவையில் பெருகும் கலங்களில் அந்த ஏற்பாடு இல்லை. அஜ்மாலிசின் என்ற அல்கலோயிட்டு (தாவரத்தின் நைதரசன் கொண்ட காரச் சேர்மம்) கிடைக்கும், அதுவும் மருந்துச் சரக்குத்தான்.

1. கலஸ் (வடிவமற்ற கலத் திரள்) ஆக்குதல்

மாரியில் இலையெங்கும் பங்கசு வித்திகள் இருக்கும். நாலைந்து நாள் நல்ல வெயில் அடித்த பிறகு இளம் இலை பறியுங்கள். ஓடும் நீரில் அரை மணி நேரம், 70% எதனோலில் 30 செக்கன், 1% சோடியம் ஐப்போகுளோரைற்றில் 10 நிமிடம், பிறகு கிருமி நீக்கிய நீரில் நான்கு முறை அலசல். ஓரம் வெளிறிய பகுதியை வெட்டி எறிந்துவிட்டு 1 செ.மீ. துண்டுகளாக்குங்கள்.

ஊடகம் (கலங்களுக்கான உணவுக் கலவை): எம்எஸ் (முராஷிகே-ஸ்கூக்) உப்பும் விற்றமின்களும், லீற்றருக்குச் சுக்குரோசு 30 கிராம், 2,4-டீ (ஒக்சின் வகை வளர்ச்சி ஊக்கி) 1 மி.கி., கைனற்றின் (கலப்பிரிவைத் தூண்டும் ஊக்கி) 0.1 மி.கி., அகார் 8 கிராம். பீஎச் 5.8. இதைவிட நன்றாகக் குறைந்தால் அகார் இறுகாது. 2,4-டீ நீரில் இலகுவில் கரையாது, முதலில் சில துளி எதனோலில் கரையுங்கள். அழுத்த அவிப்பானில் 121 பாகையில் 20 நிமிடம் அவியுங்கள். 25 பாகை இருட்டில் மூன்று, நான்கு வாரத்தில் வெளிர்மஞ்சள் கலஸ் வரும். தொட்டால் உதிர்வதை மட்டும் எடுங்கள். இறுகிய கட்டி திரவத்தில் பிரியாது.

2. தொங்கல் வளர்ப்பு (கலங்களைத் திரவத்தில் வளர்த்தல்)

250 மி.லீ. குடுவையில் அகாரற்ற ஊடகம் 50 மி.லீ., கலஸ் 3 கிராம், குலுக்கியில் நிமிடத்துக்கு 110 சுற்று. ஏழு முதல் பத்து நாளுக்கொருமுறை புது ஊடகத்துக்கு மாற்றுங்கள்.

3. பயோரியாக்டர்

2 லீற்றர் கண்ணாடிப் போத்தலில் ஊடகம் 1 லீற்றர், ஏழு நாள் வளர்ப்பு 200 மி.லீ. விதையாக இடும் இந்த வளர்ப்பைக் குறைத்தால் கலங்கள் பெருகாமல் கிடக்கும். இந்த ஊடகத்தில் 2,4-டீ சேர்க்கக் கூடாது, அது அல்கலோயிட்டைத் தடுக்கும். சுக்குரோசு 60 கிராம்.

கலக்கும் விசிறி வேண்டாம். தாவரக் கலம் பருமனானது, எளிதில் கிழியும். மீன்தொட்டிப் பம்பியின் காற்றை 0.2 மைக்ரோன் வடி (கிருமி வடிகட்டி) வழியாக அடியில் குமிழிடுங்கள், நிமிடத்துக்கு 350 மி.லீ. அளவில். கரண்ட் போனால்தான் வினை: ஊடகம் குழாய் வழியே பின்வாங்கி வடியை நனைத்துவிடும், கலங்களும் அடியில் படிந்து ஒட்சிசனின்றிச் சாகும். பம்பியைத் திரவ மட்டத்துக்கு மேலே வைத்து, ஒருவழி வால்வும் பூட்டுங்கள். பம்பிக்கு மின்கலத் துணை கட்டாயம். வெளியேறும் காற்றின் வடியில் நுரை ஏறினால் அழுத்தம் கூடி மூடி பறக்கும். ஊடகமும் வளர்ப்பும் சேர்த்து 1.2 லீற்றரோடு நிறுத்தச் சொல்வது அதற்குத்தான்.

பற்றீரியா அரைமணிக்கொருமுறை இரட்டிக்கலாம், நம் கலங்களுக்குச் சில நாள் பிடிக்கும். திரவம் பால்போல் கலங்கினால் காப்பாற்ற முயலாமல் அவித்துக் கொட்டுங்கள்.

4. தூண்டல், அறுவடை

ஆறாம் நாள் மெதைல் ஜஸ்மோனேற்று (அல்கலோயிட்டு ஆக்கத்தைத் தூண்டும் தாவரச் சேர்மம்) ஏறக்குறைய 26 மைக்ரோலீற்றரை (100 மைக்ரோமோலர்) 1 மி.லீ. எதனோலில் கரைத்து, வடிகட்டிச் சேருங்கள். முன்னதாகவே இட்டால் வளர்ச்சி நின்றுவிடும். ஐந்தாறு நாளில் வடித்தெடுங்கள். அல்கலோயிட்டின் பெரும்பகுதி கலத்தின் புன்வெற்றிடத்தில் (உள்ளிருக்கும் சாற்றுப் பையில்) இருப்பதால் வடிநீரை விடக் கலங்களே முக்கியம். 45 பாகையில் உலர்த்தி, கிராமுக்கு 20 மி.லீ. மெதனோலில் ஊறவைத்து, மென்படை நிறப்பகுப்பில் (கூறுகளைத் தட்டில் புள்ளிகளாகப் பிரிக்கும் முறை) பாருங்கள். ட்ரகன்டோர்ஃப் என்ற சோதனைப் பொருளைத் தெளித்ததும் செம்மஞ்சள் புள்ளி வந்தால் அல்கலோயிட்டு உண்டு. அது அஜ்மாலிசின்தானா என்பதை தூய அஜ்மாலிசினின் நியமக் கரைசலைப் பக்கத்தில் ஓடவிட்டே சொல்ல முடியும். சாறு நச்சு, கையுறையின்றித் தொடாதீர்கள்.